மேனேஜர் தின்னக்கூடாத பூ

எங்க அண்ணன்கிட்ட ஒரு கேள்வி கேட்டு நேரா பதில் வாங்கிட்டீங்கன்னா, உங்களுக்கு நான் ஒரு மூக்குக்கண்ணாடி இனாமா தர்றேன். ஃப்ரேமோட. சும்மா வாய்ப்பந்தல் போடல, கடையில கல்லாவுக்குப் பக்கத்துல உட்கார்றதும் நான்தான், ஃப்ரேமை எடுத்துக் காட்டுறதும் நான்தான்.

அவரு கண்ணு பார்க்கிறவரு. டாக்டர் இல்ல. கண்ணைச் சோதிச்சு, பவர் எவ்வளவுன்னு பார்த்து, லென்ஸைத் தேய்ச்சு ஃப்ரேம்ல மாட்டிக் குடுக்கிறவரு. கடைக்குப் பின்னால ஒரு இருட்டு ரூம் இருக்கு. அதுல ஒரு சாய்வு நாற்காலி, எதிர்ச் சுவத்துல வெளிச்சம் போட்ட எழுத்துப் பலகை. வர்றவங்களை உட்கார வச்சு, மூக்கு மேல ஒரு கனமான ஃப்ரேமை ஏத்தி, லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, "ஒண்ணு தெளிவா இருக்கா... ரெண்டு தெளிவா இருக்கா?"ன்னு கேட்பாரு. கடை திறந்ததுலருந்து மூடுற வரைக்கும் இதே பாட்டுதான். இதையே கேட்டுக் கேட்டு மனுஷனுக்கு உலகமே ஒண்ணு ரெண்டுன்னு ஆயிடுச்சு.

"டீ போடட்டுமா அண்ணா?"ன்னு கேட்டா, ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தை வராது. "ஒண்ணு, இப்ப குடிச்சா பசி போயிடும். ரெண்டு, குடிக்கலைன்னா தலை வலிக்கும். எது பரவாயில்லன்னு உனக்குத் தோணுது பாப்பா?" என் பொண்ணுக்கே கல்யாண வயசாகுது, நான் இன்னும் பாப்பா. எனக்கு என்ன தோணும், டீ கிளாஸைத் தூக்கி எறியலாம்னு தோணும்.

இந்த மாதிரி ஆளுக்கு எங்கேருந்து கல்யாணம் ஆகும்? நானும் என் வீட்டுக்காரரும் செருப்பு தேயத் தேயப் பொண்ணு தேடினோம். ஒவ்வொரு இடத்துக்கும் வருவாரு, மரியாதையா பேசுவாரு, வீடு திரும்பினதும் ஆரம்பிச்சிடுவாரு. "ஒண்ணு, ரொம்ப நல்ல பொண்ணு. ரெண்டு, என்னைக் கட்டிக்கிட்டா நல்லா இருப்பாளான்னு தெரியல." அவ்வளவுதான், கதை முடிஞ்சது. ஒரு கட்டத்துல எனக்கே அலுத்துப் போச்சு. அவரு தனியாவே இருந்து அம்பதையும் தாண்டிட்டாரு.

தனியான்னு சொல்லக்கூடாது. தோட்டம் இருந்துச்சு. எங்க கடையிருக்கிற ரோடு போயி வளையிற இடத்துலதான் அண்ணன் வீடு. சின்ன வீடு, வீட்டை விடப் பெரிய தோட்டம். மதில் ஓரமா வரிசையா அரளி, ஆளுயரத்தையும் தாண்டி மதிலுக்கு மேல ரோஜா நிறத்துல கொத்துக் கொத்தா பூத்துத் தொங்கும். உள்ள செம்பருத்தி, ரோஜா, நித்தியகல்யாணி, குரோட்டன்ஸ், ஒரு பந்தல் நிறைய திராட்சைக் கொடி. அந்த அரளியெல்லாம் குச்சியா நட்டு அவரே வளர்த்தது. வேலை முடிஞ்சு வந்தா ஹோஸ் பைப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு செடிகிட்டயும் நின்னு பேசுவாரு. என்கிட்ட பேசாத பேச்செல்லாம் அந்த அரளிகிட்ட பேசினாரு, சொல்லிட்டேன்.

இப்ப பஸ்காரம்மாவுக்கு வர்றேன்.

டவுன் பஸ் ஓட்டுறவங்க. நல்ல உயரம், நல்ல குரல், சிரிச்சா கடைக் கண்ணாடியெல்லாம் அதிரும். பஸ் ஓட்டுறவங்க வருஷா வருஷம் கண்ணு சரியா இருக்குன்னு சான்று வாங்கிக் குடுக்கணும், அதுக்குத்தான் எங்க கடைக்கு வருவாங்க. அவங்க கண்ணு கழுகுக் கண்ணு. அஞ்சு நிமிஷத்துல முடியற வேலை. ஆனா அவங்க நாற்காலியில உட்கார்ந்தா அண்ணனுக்கு அரை மணி நேரம் ஆகும். ஏன்னா அவங்களுக்கு ஒரு பழக்கம். "ஒண்ணா ரெண்டா?"ன்னு இவரு கேட்டா, உடனே பதில் சொல்லாம, "மறுபடி ஒண்ணு காட்டுங்க"ம்பாங்க. காட்டுவாரு. "இப்ப ரெண்டு." காட்டுவாரு. "எதுக்கும் மறுபடி ஒண்ணு." நான் வெளியில உட்கார்ந்து கேட்டுக்கிட்டு, சரியான ஜோடிதான்டா சாமின்னு தலையில அடிச்சுக்குவேன். அதை அப்பவே நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தா பல வருஷம் மிச்சமாகியிருக்கும்.

அவங்களும் தனியாத்தான் இருந்தாங்க. மாடியில ஒரு வாடகை போர்ஷன், ரெண்டு ஆமை. தரையில நடக்கிற ஆமை, ஒவ்வொண்ணும் ஒரு குழம்புச் சட்டி அளவுக்கு இருக்கும். வளர்க்கிறதுக்கு அனுமதி கினுமதி எல்லாம் பக்காவா வாங்கி வச்சிருந்தாங்க. ஒண்ணு பேரு மேனேஜர். எந்த வேலையும் செய்யாம, கழுத்தை நீட்டி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துட்டு நகர்ந்து போறதால அந்தப் பேரு. இன்னொண்ணு கேஷியர். அது யார் வந்தாலும் உள்ள இழுத்துக்கும்.

ஒருநாள் மத்தியானம் யூனிஃபார்மோட கடைக்குள்ள வந்தாங்க. சான்றுக்கு இன்னும் நாள் இருக்கேன்னு நான் பார்க்கறேன், அவங்க நேரா ஸ்டூல்ல உட்கார்ந்துட்டாங்க. அந்தக் கணீர் குரலே இல்ல.

"வீடு கைமாறிடுச்சும்மா. புது வீட்டுக்காரர் ஆமை வீட்டுக்கு ஆகாதுங்கறாரு. மாசக் கடைசிக்குள்ள அதுங்களை எங்கேயாவது அனுப்பணுமாம், இல்ல நான் காலி பண்ணணுமாம். நானும் தெருத் தெருவா ஏறி இறங்கிட்டேன். ஆமைன்னு சொன்னதும் கதவைச் சாத்தறாங்க. அதுங்க குரைக்குதா, கடிக்குதா, யார் சொத்தையாவது எழுதிக் கேட்குதா? வெளியூர்ல ஒருத்தர் பெரிய புல்வெளி வச்சிருக்காரு, அவரு வாங்கிக்கறேங்கறாரு. குடுத்துடலாம். ஆனா வேலைக்குச் சேர்ந்த வருஷத்துலருந்து என்கூட இருக்கறதுங்க. வீட்டுக்குப் போனா அதுங்க ரெண்டும்தான் எனக்கு ஆளு."

சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அப்ப இருட்டு ரூம் திரையை விலக்கிக்கிட்டு அண்ணன் வந்தாரு. கையில லென்ஸ், கண்ணுல ஒரு மாதிரி பார்வை.

"என் தோட்டத்துல விடுங்க"ன்னாரு.

நான் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, ஒரே வாக்கியம்! என் பிறந்தவீட்டு மனுஷன் வாயிலருந்து இப்படி ஒரு நேரான பதிலை நான் பிறந்ததுலருந்து கேட்டதில்ல. அப்பதான் எனக்கு விஷயம் புரிஞ்சது. அட, அப்படியா சேதி!

அடுத்த ஞாயித்துக்கிழமை பஸ்காரம்மா ரெண்டு ஆமையையும் பிளாஸ்டிக் கூடையில துண்டு விரிச்சு வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. கேட்டுக்குள்ள கால் வச்சதும் சுத்திப் பார்த்துட்டு, கூடையைக் கீழயே வைக்கல.

"அழகா இருக்குங்க. ஆனா இதையெல்லாம் இதுங்க தின்னா ஆகுமா?"

அண்ணன் திருதிருன்னு முழிச்சாரு. எந்தச் செடிக்கு எவ்வளவு வெயில், எதுக்கு எவ்வளவு தண்ணி, எது எப்ப பூக்கும், எல்லாம் அத்துப்படி. ஆனா எதை எது வயிறு தாங்கும்னு அவரு யோசிச்சதே இல்ல. அவங்களுக்கோ ஆமை தெரியும், செடி தெரியாது. மாடியில இருந்தவரைக்கும் கடையில வாங்கின கீரையும் புல்லும்தான் போட்டிருக்காங்க.

"ஒண்ணு, செடியை எல்லாம் பிடுங்கிடலாம். ரெண்டு, ஒவ்வொண்ணா கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்"னு அண்ணன் ஆரம்பிச்சாரு.

"மறுபடி ஒண்ணு சொல்லுங்க"ன்னாங்க அவங்க.

"ஐயோ, ரெண்டு! ரெண்டுன்னு சொல்லித் தொலைங்க!"ன்னு நான் கத்தினேன்.

அப்படித்தான் ஆரம்பிச்சது. அன்னைக்கு ஆமைங்களைப் புல்லு மட்டும் இருக்கிற மூலையில நாலு பலகையை நிறுத்தி அதுக்குள்ள விட்டோம். மறுநாளே மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தாங்க ரெண்டு பேரும். அந்தம்மா ஆமையெல்லாம் நிறைய பார்த்தவங்க. "புல்லும் இலையும்தான் இதுங்களுக்குச் சாப்பாடு. பழத்தைக் குடுத்துக் கெடுக்காதீங்க. பேர் நிச்சயமாத் தெரியாத செடியை விஷம்னே வச்சுக்கோங்க. செடியில இருக்கிற இலை மட்டும் இல்ல, உதிர்ந்து கீழ கிடக்கிறதையும் பொறுக்கித் தின்னும். செடியைக் கொண்டு வந்து காட்டுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன், தெரியாததை விசாரிச்சுச் சொல்றேன்"னு சொல்லிட்டாங்க.

அதுலருந்து எங்க கடையில கண்ணாடிக் கூடு ஒண்ணுலயும் கண்ணாடி இல்ல. எல்லாத்துலயும் இலை. அண்ணன் தினம் ஒரு கிளையைக் கிள்ளி, ஈரத் துணியில சுத்தி, கண்ணாடிக் கூட்டுக்குள்ள பத்திரமா வச்சு டாக்டரம்மாகிட்ட எடுத்துட்டுப் போவாரு. எதுக்காவது பேர் தெரியலைன்னா நர்சரிக்காரர்கிட்ட ஓடுவாரு. ஒரு டீச்சரம்மா புதுக் கண்ணாடி வாங்கிட்டுப் போனவங்க, அரை மணியில மூச்சு வாங்கத் திரும்பி வந்தாங்க.

"என்னங்க இது? பேப்பர் படிக்கக் கண்ணாடி கேட்டா உண்ணிச்செடியைக் குடுத்து அனுப்பியிருக்கீங்க?"

கூட்டைத் திறந்தா, பூவோட ஒரு கொத்து. நான் அசடு வழியச் சிரிச்சு, மாத்திக் குடுத்து, ஒரு துடைக்கிற துணியையும் சேர்த்துக் குடுத்து அனுப்பினேன். அண்ணனோ அந்தக் கொத்தை வாங்கிப் பார்த்துட்டு, "நல்லவேளை, வாடல. இதைத்தான் காலையிலருந்து தேடறேன்"ங்கறாரு!

ஒவ்வொண்ணா தெளிவாச்சு. செம்பருத்தி இலையும் பூவும் தாராளமாத் தின்னலாம். திராட்சை இலை, ரோஜா இதழ், பூசணி இலை, எல்லாம் சரி. சப்பாத்திக்கள்ளி கூட முள்ளை எடுத்துட்டா விருந்துதானாம், யாரு நினைச்சா? அரளி கூடவே கூடாது. அது அவருக்கே தெரியும். நித்தியகல்யாணி கூடாது. பார்க்க அவ்வளவு சாதுவா இருக்கு, அது கூடாதுன்னு கேட்டதும் அண்ணனுக்கு நெருங்கின சொந்தக்காரன் ஜெயிலுக்குப் போன மாதிரி முகம் விழுந்துடுச்சு. உண்ணிச்செடி, குரோட்டன்ஸ், எல்லாம் கூடாது. நர்சரிக்காரர் இன்னொரு குண்டு போட்டாரு. கடையில புதுசா வாங்கின செடின்னா நல்ல செடியா இருந்தாலும் உடனே குடுக்காதீங்க, பூச்சிமருந்து அடிச்சிருப்போம்னு. அதனால புதுசா எதுவும் வாங்கறதில்லன்னு முடிவாச்சு.

இதெல்லாம் வேலைன்னு நினைக்காதீங்க. தினம் சாயங்காலம் டூட்டி முடிஞ்சு பஸ்காரம்மா வருவாங்க. ரெண்டு பேரும் புல்லுல உட்கார்ந்துக்கிட்டு பேசுவாங்க பாருங்க, பேச்சு பேச்சு அப்படியொரு பேச்சு. அண்ணன் தரையில சம்மணம் போட்டு, ஒரு கையில செம்பருத்தி இலை, இன்னொரு கையில ரோஜா இதழ் வச்சுக்கிட்டு, "மேனேஜர் சார், ஒண்ணு நல்லா இருக்கா, ரெண்டு நல்லா இருக்கா?"ன்னு கேட்பாரு. மேனேஜர் கழுத்தை நீட்டி ரெண்டையும் பார்த்துட்டு, பொறுமையா நடந்து போய் ரோஜாவைத்தான் கவ்வும். எப்பக் கேட்டாலும் ரோஜாதான். "பாருங்க, எவ்வளவு தெளிவான கஸ்டமர். உங்களை மாதிரி இல்ல"ம்பாரு. அவங்க சிரிக்கிற சிரிப்பு ரோட்டுக்குக் கேட்கும். எங்க அண்ணன் ஒரு பொண்ணைக் கிண்டல் பண்றதை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். உள்ளுக்குள்ள எனக்கு அவ்வளவு சந்தோஷம், வெளியில மட்டும் உர்ருன்னு வச்சுக்கிட்டேன். கண்ணு பட்டுடக் கூடாதில்ல.

ஒருநாள் நான் புதுசா சிவப்பு நகப்பூச்சு போட்டுக்கிட்டுப் போனேன். செருப்பைக் கழட்டிட்டுப் புல்லுல நிக்கறேன், சுருக்குன்னுச்சு. குனிஞ்சு பார்த்தா என் கட்டைவிரலை மேனேஜர் கவ்வியிருக்கு. "ஐயோ என் விரலு!"ன்னு நான் போட்ட கூச்சல்ல கேஷியர் மூணு நாளைக்கு வெளியவே எட்டிப் பார்க்கல. பஸ்காரம்மா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சு, "அதுக்குச் சிவப்புன்னா உசுரும்மா. சிவப்பா எதைப் பார்த்தாலும் பழம்னு நினைச்சுக்கும்"னாங்க. அண்ணனும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு.

மாசக் கடைசி நெருங்குச்சு. அரளியை என்ன பண்றதுன்னு மட்டும் அண்ணன் பேச்சே எடுக்கல. மத்த கெட்ட செடியை எல்லாம் தொட்டிக்கு மாத்தணும், அதுக்கு முன்னால எது எதுன்னு எங்க வீட்டுக்காரருக்கும் எனக்கும் தெரியணும்னு ஒரு வேலை செஞ்சாரு. கடையில ஃப்ரேம்ல விலைச்சீட்டு கட்டுற ரிப்பன் இருக்கும். நல்ல செடிக்கெல்லாம் பச்சை ரிப்பன் கட்டினாரு. ஆகாத செடிக்கெல்லாம் சிவப்பு ரிப்பன்.

புரியுதா? சிவப்பு!

அந்த ஞாயித்துக்கிழமை டீ குடிச்சுக்கிட்டிருக்கோம். பலகையில ஒண்ணு சாய்ஞ்சிருந்ததை யாரும் கவனிக்கல. ஆமை மெதுவா போகும்னு எவன் சொன்னானோ அவன் மேனேஜரைப் பார்த்ததில்ல. விறுவிறுன்னு தோட்டத்தைக் குறுக்கால கடந்து, பச்சை ரிப்பன் கட்டின செடியை எல்லாம் ஏறெடுத்துக் கூடப் பார்க்காம, நேரா நித்தியகல்யாணிகிட்ட போய் நின்னுடுச்சு. பஸ்காரம்மா பார்த்துட்டு டீ கிளாஸைப் போட்டுட்டு ஓடினாங்க. வாயில சிவப்பு ரிப்பன் தொங்குது, உதட்டோரத்துல பாதிப் பூ.

கையும் ஓடல, காலும் ஓடல எங்களுக்கு. ரிப்பனை இழுத்து எடுத்துட்டாங்க. முழுசா இருந்துச்சு, ஆனா பூவுல பாதி உள்ள போயிடுச்சு. ஆட்டோ பிடிச்சு டாக்டரம்மா வீட்டுக்கே ஓடினோம். அவங்க வாயைத் திறந்து பார்த்து, "கொஞ்சம்தான் போயிருக்கு. வெதுவெதுன்னு தண்ணியில உட்கார வைங்க. சோர்ந்து போகுதான்னு பாருங்க. நல்லாச் சாப்பிட்டு வெளிக்கும் போயிட்டா கவலையில்ல"ன்னாங்க.

திரும்பி வர்ற வழியில அண்ணன் மேனேஜரையே பார்த்துக்கிட்டு வந்தாரு. எனக்குத்தான் பொறுக்கல. "ஊர்ல இருக்கிற கண்ணையெல்லாம் சோதிக்கிற, அது கண்ணுக்கு எது தெரியும்னு யோசிக்க மாட்டியா அண்ணா? என் விரலைக் கடிச்சப்பவே தெரிஞ்சிருக்க வேண்டாம்? ஆபத்துன்னு போர்டு வைக்கிறேன்னு சாப்பாடு ரெடின்னு போர்டு வச்சிருக்க!" கொட்டித் தீர்த்துட்டேன். பஸ்காரம்மா என் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க.

"திட்டாதம்மா. நானும் அந்த ரிப்பனைப் பார்த்துக்கிட்டுத்தானே டீ குடிச்சேன்." அப்புறம் அண்ணனைப் பார்த்துச் சொன்னாங்க. "உங்க மேல தப்பு இல்லைங்க. ஆனா எனக்கு பயமா இருக்கு. நான் டூட்டிக்குப் போயிடுவேன், நீங்க கடைக்குப் போயிடுவீங்க. அந்தப் புல்வெளிக்காரருக்கே குடுத்துடறேன். ஞாயித்துக்கிழமை அவரு வண்டி அனுப்புவாரு. உசுரோட இருந்தாப் போதும் எனக்கு."

அதைச் சொல்றப்ப அவங்க குரல் உடைஞ்சு போச்சு. வீடு வந்ததும் ரெண்டு ஆமையையும் கூடையில வச்சுத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. அந்த ஆமை போனா இவங்க எதுக்கு இந்தக் கேட்டைத் திறக்கப் போறாங்க? சாயங்காலப் பேச்செல்லாம் அதோட போச்சு. எங்க அண்ணன் மறுபடி ஹோஸ் பைப்பைப் பிடிச்சுக்கிட்டு அரளிகிட்ட பேசிக்கிட்டு நிக்கப் போறாரு.

மறுநாள் கடைக்கு ஃபோன் வந்துச்சு. எடுத்தா பஸ்காரம்மா, பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவுல கத்தறாங்க.

"போயிடுச்சும்மா! காலையில நல்லாப் போயிடுச்சு! இலையும் சாப்பிட்டுச்சு!"

நான் ஃபோனைக் கையால மூடிக்கிட்டு இருட்டு ரூமைப் பார்த்துக் கத்தினேன். "அண்ணா, மேனேஜர் வெளிக்குப் போயாச்சாம்!" நாற்காலியில உட்கார்ந்திருந்த கஸ்டமர், ஏதோ பேங்க்கு மேனேஜராம் அவரு, விருட்டுன்னு எழுந்து உட்கார்ந்துட்டாரு. அண்ணன் அவருக்கு விளக்கம் கூடச் சொல்லல. ரெண்டு கையையும் மேல தூக்கி ஒரு கும்பிடு போட்டாரு, கண்ணெல்லாம் தண்ணி.

அதுக்கப்புறம் ரெண்டு நாள் அவரு மூஞ்சியைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியல. மூணாவது நாள் கடைக்கு வரல. என்னமோ ஏதோன்னு வீட்டுக்கு ஓடினா, கேட்டுக்கு வெளியவே ரம்பம் அறுக்கிற சத்தம் கேட்குது. உள்ள போனா எங்க வீட்டுக்காரரு ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். கையில உறை, மூக்குல துணி. மதில் ஓரத்து அரளி வரிசை முழுக்கத் தரையில கிடக்கு.

"என்ன அண்ணா இது! வேலி போட்டிருக்கலாமே!"

"இலை உதிரும், பூ உதிரும் பாப்பா. வேலி அதைத் தடுக்காது."

அவ்வளவுதான் சொன்னாரு. ஒண்ணு ரெண்டு எதுவும் இல்ல. வெட்டினதை எரிக்கவும் விடல, அந்தப் புகையும் ஆகாதுன்னு சாக்குல கட்டி குப்பை வண்டியில ஏத்தி அனுப்பினாரு. வேரைத் தோண்டி எடுத்தாரு. உதிர்ந்த இலை ஒண்ணு விடாம கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பொறுக்கினாரு. நித்தியகல்யாணி எங்க வீட்டு மாடிக்குப் போச்சு, குரோட்டன்ஸ் தொட்டியெல்லாம் கடை வாசலுக்கு வந்துச்சு. அரளி இருந்த இடத்துல தன்னோட செம்பருத்தியிலருந்தே குச்சி வெட்டி வரிசையா நட்டாரு. வாங்கின செடி இல்ல, மருந்து படாத செடி. வேலை முடிஞ்சு பார்த்தா மதில் மொட்டையா நிக்குது. அதைப் பார்க்க எனக்கே அழுகை வந்துச்சு. அவரு எத்தனை வருஷமா வளர்த்தாரு!

"அவங்ககிட்ட சொல்லிட்டியா?"ன்னு கேட்டேன்.

"எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்"னாரு. நல்லா யோசிச்ச போ!

மறுநாள் காலையில கடை திறக்கறதுக்கு முன்னால ரெண்டு பேரும் கேட்டுகிட்ட மிச்ச மண்ணைக் கூட்டிக்கிட்டு இருந்தோம். முந்தின நாள் லீவுல இருந்த பஸ்காரம்மாவோட பஸ் வர்ற நேரம். எப்பவும் அந்த வளைவுல வேகத்தைக் குறைச்சு அழகாத் திரும்பும். அன்னைக்கு வந்த பஸ் வளையவே இல்ல. நேரா எதிர்ல இருக்கிற சந்துக்குள்ள போயிடுச்சு! போன பஸ் கிறீச்சுன்னு பிரேக் போட்டு நின்னுச்சு. உள்ள நின்னவங்கெல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்ஞ்சு கத்தறாங்க. அப்புறம் மெல்ல மெல்ல பின்னால வந்து, நேரா எங்க கேட்டு முன்னால நின்னுச்சு. டிரைவர் கதவு திறந்துச்சு.

"எங்கங்க என் பூவு?"

மதிலைக் காட்டிக்கிட்டு அப்படிக் கத்தறாங்க. அண்ணன் கையில துடைப்பத்தோட நிக்கிறாரு.

"அந்தப் பூ தெரிஞ்சதும்தான் நான் கியரை மாத்துவேன்! இந்த ரூட்டுல வந்த நாள்லருந்து அப்படித்தான். இன்னைக்குப் பூவைக் காணோம், வளைவையே தாண்டிட்டேன்! என் சர்வீஸ்ல இப்படி நடந்ததே இல்ல!"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இவ்வளவு பெரிய வளைவு தெரியலைன்னா உங்க சான்றை நாங்க திரும்ப வாங்கிக்கணும்"னேன். யாரும் சிரிக்கல. அவங்க என்னைப் பார்க்கவே இல்ல. மொட்டை மதிலையும், வரிசையா நட்ட குச்சியையும், அண்ணன் கையில இருந்த கொப்புளத்தையும் பார்த்தாங்க.

"மொத்தத்தையும் வெட்டிட்டீங்களா? எனக்காகவா?"

"மேனேஜருக்காக"ன்னாரு அண்ணன். அப்புறம் எச்சில் விழுங்கினாரு. "இல்ல. உங்களுக்காகத்தான்."

பஸ் ஜன்னல் பூராவும் தலை. "ஏம்மா, ஆபீஸுக்கு நேரமாச்சு"ன்னு ஒருத்தர் சத்தம் போட்டாரு. பக்கத்துல இருந்த அம்மா அவரை, "சும்மா இருங்க, என்ன பேசறாங்கன்னு கேட்கணும்"னு அடக்கினாங்க.

அண்ணன் துடைப்பத்தை மதில்ல சாய்ச்சு வச்சாரு. சட்டையில கையைத் துடைச்சுக்கிட்டாரு. இருட்டு ரூம்ல லென்ஸை எடுக்கிறப்ப நிப்பாரு பாருங்க, அதே மாதிரி நேரா நின்னாரு.

"ஒண்ணு... ஆமைங்க ரெண்டும் இங்க இருக்கும். விஷச்செடி எதுவும் இல்ல, நான் பொறுப்பு. நீங்க நேரம் கிடைக்கிறப்ப வந்து பார்த்துட்டுப் போவீங்க." ஒரு மூச்சு விட்டாரு. "ரெண்டு... ஆமைங்களோட நீங்களும் இங்கயே இருப்பீங்க. என்னோட. எது தெளிவா இருக்கு?"

அம்பது வயசுக்கு மேல, நடுரோட்டுல, ஒரு பஸ் ஜனத்தை வச்சுக்கிட்டுக் கேட்கிறாரே எங்க அண்ணன்!

பஸ்காரம்மா மதிலையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க.

"மறுபடி ஒண்ணு காட்டுங்க."

"ஐயோ கடவுளே!"ன்னு நான் தலையில கை வச்சுட்டேன். பஸ்ஸுக்குள்ளருந்து "ரெண்டு சொல்லும்மா, ரெண்டு!"ன்னு யாரோ கத்தினாங்க. அண்ணன் மட்டும் பொறுமையா, ஒரு வார்த்தை மாத்தாம, மறுபடி ஒண்ணைச் சொன்னாரு. அவங்க தலையை ஆட்டினாங்க.

"அது மங்கலா இருக்குங்க. ரெண்டுதான். ரெண்டுதான் நல்லாத் தெளிவாத் தெரியுது."

சொல்லிட்டு விறுவிறுன்னு போய் சீட்ல ஏறிட்டாங்க. கன்னமெல்லாம் தண்ணி, வாயெல்லாம் சிரிப்பு. அந்த வளைவுல ஹாரனை அழுத்தினாங்க பாருங்க, தெருவே எழுந்து வந்துச்சு. ஆபீஸுக்கு நேரமாச்சுன்னு சொன்னவரு ஜன்னல் வழியாக் கையை ஆட்டிக்கிட்டே போனாரு. நான் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன். அண்ணன் என்னைப் பார்த்து, "ஒண்ணு, நீ சந்தோஷத்துல அழற. ரெண்டு..."ன்னு ஆரம்பிச்சாரு. "ஒண்ணுதான், ஒண்ணுதான், வாயை மூடு"ன்னேன்.

புல்வெளிக்காரருக்கு வர வேண்டாம்னு சொல்லியாச்சு. பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்தன்னைக்கு அவங்களை நான் முதல் தடவையா அண்ணின்னு கூப்பிட்டேன். எத்தனை வருஷமா அந்த வார்த்தையை வாயில வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன், எனக்குத்தான் தெரியும். ஆமை வீட்டுக்கு ஆகாதுன்னு சொன்ன அந்த வீட்டுக்காரரை மட்டும் ஒருநாள் கூட்டிட்டு வந்து, எங்க அண்ணன் சிரிக்கிறதைக் காட்டணும்.

குச்சியெல்லாம் இப்ப மதிலைத் தாண்டி வளர்ந்து செம்பருத்தி வேலியாயிடுச்சு. பூத்தா சிவப்புச் சிவப்பாப் பூக்கும். மேனேஜரும் கேஷியரும் தினம் காலையில வேலி ஓரமா ஒரு ரவுண்டு வந்து, கழுத்தை நீட்டி எட்டற உயரத்துல ஒரு பூ விடாம தின்னு தீர்த்துடும். தோட்டத்துக்குள்ளருந்து பார்த்தா கீழ்ப்பக்கம் வெறும் குச்சிதான் தெரியும், அழகே இல்ல. ஆனா மேல, மதிலைத் தாண்டி, பஸ் டிரைவர் சீட்ல உட்கார்ந்தா கண்ணுக்கு நேரா வருமே அந்த உயரத்துல, எல்லாப் பூவும் அப்படியே இருக்கும். அண்ணி அதைப் பார்த்துத்தான் இப்ப கியர் மாத்தறாங்க.